சிலுவைப்போர் எல்லையில் சேறும் எலும்பும்: பால்டிக் ஆய்வில் நான் கற்றவை

பால்டிக் கடலை ஒட்டிய வடக்கு போலந்து, லாட்வியா, எஸ்தோனியா என்று ஏரி ஏரியாக, சதுப்பு சதுப்பாக அலைந்து சேறு எடுப்பது என் தொழில். எடுத்த சேற்றைக் கழுவி, அதில் புதைந்திருக்கும் பழைய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவேன். எந்தக் காலத்தில் எந்தச் செடி, எந்த மரம் அங்கே வளர்ந்தது என்று அவை சொல்லும். தாவரவியல் படித்துவிட்டுத் தொல்லியலுக்கு வந்தவள் நான். என்னோடு வேலை செய்பவர்கள் கோட்டைக் குப்பைமேட்டில் கிடைக்கும் மாட்டெலும்பையும் மீன்முள்ளையும் பார்ப்பவர்கள். எங்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். 13-ம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர்கள் வந்து இந்த நாட்டைப் பிடித்தபோது இங்கிருந்த காடு, ஆறு, ஆடுமாடு எல்லாம் என்ன ஆயின?

கீழடி தந்த ஆர்வத்தில் தொல்லியல் படிக்கப் போகிறோம் என்று சொல்லும் பிள்ளைகள் இந்த வேலையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலுவைப்போர் என்றால் ஜெருசலேம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே சிலுவை வடக்கேயும் போனது. பிஷப் ஆல்பர்ட் 1201-ல் ரீகாவை நிறுவினார். அங்கிருந்து லிவ் மக்களையும் எஸ்தோனியர்களையும் ஞானஸ்நானத்துக்கும் வரிக்கும் சேர்த்தே பணியவைத்தார்கள். தெற்கே, புருசியர்களை அடக்குவதற்காக மசோவியாவின் கோமகன் கொன்ராட் டியூட்டானிக் சபை என்ற ஜெர்மன் வீரத்துறவிகளை அழைத்தார். (இந்தப் புருசியர்கள் ஜெர்மானியர்கள் அல்ல. லித்துவேனிய மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசியவர்கள். வென்றவர்கள் அவர்களுடைய பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.) 1231-ல் தோருன், 1255-ல் கோனிக்ஸ்பெர்க் என்று கோட்டைகள் எழுந்தன. 1260-ல் பெரிய கலகம் வெடித்தது. அதை அடக்கி 1283-ல் புருசியா முழுவதையும் பிடித்தார்கள். 1309-ல் சபைத் தலைவர் வெனிஸை விட்டு மால்போர்க் கோட்டைக்குக் குடிவந்தார். 1410-ல் கிருன்வால்டு போரில் சபைக்குப் பெரும் தோல்வி. 1466-ல் மால்போர்க்கும் மேற்குப் புருசியாவும் போலந்து மன்னரிடம் போயின.

இந்த வரலாற்றைக் கேட்டவுடன் யாருக்கும் ஒரு கதை தோன்றும். வீரர்கள் வந்தார்கள், மரத்தை வெட்டினார்கள், செங்கல் சுட்டார்கள், காடு அழிந்தது. செய்தியாளர்கள் எங்களிடம் எதிர்பார்ப்பதும் இந்தக் கதையைத்தான். மால்போர்க் கோட்டைக்கு முன் போய் நின்றால் நமக்கே நம்பத் தோன்றும். மலைபோல் குவிந்த அத்தனை செங்கல்லையும் சுட எத்தனை வண்டி விறகு எரிந்திருக்கும்!

சேறு வேறு மாதிரி சொல்கிறது. சபை வருவதற்கு முன்பே அங்கே உழவர்கள் இருந்தார்கள். லாட்வியாவில் செசிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் ஆராய்ஷி என்றொரு ஏரி. அதன் நடுவில் 9, 10-ம் நூற்றாண்டுகளில் மரக்கட்டைகளை அடுக்கி, அதன் மேல் வீடுகளைக் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். இதுபோன்ற இடங்களைச் சுற்றி எடுக்கும் மண்ணில், சிலுவைப்போருக்கு வெகுகாலம் முன்பே தானிய மகரந்தமும் புல்வெளிச் செடிகளின் மகரந்தமும் இருக்கின்றன. வட பால்டிக்கின் பல பதிவுகளில் 'இதோ, இங்கேதான் படையெடுப்பு' என்று விரலை வைத்துக் காட்ட ஒரு கோடே கிடையாது. ஆட்சி மாறியது, வரி போகும் இடம் மாறியது, வயல் அதே வயலாக இருந்தது. போலந்தில் கீழ் விஸ்துலா ஆற்றுப் பக்கம் கதை வேறு. அங்கே ஹார்ன்பீம் என்ற காட்டு மரம் குறைந்து ரை தானியம் ஏறுகிறது. ஆனால் வாள் வந்த காலத்தை விட, அதற்குப் பின் நில அளவைக்காரரும் குடியேற்றக் கிராமங்களும் வந்த காலத்தில்தான் அந்த ஏற்றம் பெரிது.

இன்னும் கிழக்கே போனால் கதை தலைகீழாகிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். புருசியாவுக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே சுதோவியர், நத்ருவியர், ஸ்கல்வியர் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். போரில் பலர் செத்தார்கள். பலர் லித்துவேனியாவுக்கு ஓடினார்கள். மிஞ்சிய சுதோவியர்களில் பலரைச் சபை கோனிக்ஸ்பெர்க் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. அவர்கள் விட்டுப்போன நிலத்தைக் காடு மூடிக்கொண்டது. ஜெர்மன் ஆவணங்கள் அதைப் 'பெரும் வனாந்தரம்' என்கின்றன. அந்தக் காடு இரு தரப்புக்கும் வேலியாகப் பயன்பட்டது. அதைத் திருத்திக் குடியேற ஒரு தரப்பும் முன்வரவில்லை. குடியேறினால் அடுத்த படையெடுப்பில் முதல் அடி அங்கேதான் விழும்.

அந்தக் காட்டைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சபையே எழுதி வைத்திருக்கிறது. 1384-க்கும் 1402-க்கும் இடையில் லித்துவேனியாவுக்குப் போகும் சுமார் 100 வழிகளின் குறிப்புகள் தொகுக்கப்பட்டன. எங்கே தண்ணீர், எங்கே குதிரைக்குப் புல், எங்கே இரவு தங்கலாம், எங்கே மரம் வெட்டிப் பாலம் போட வேண்டும், வழி தெரிந்த உள்ளூர் ஆள் யார் என்று விவரமாக இருக்கிறது. போர்த் திட்டத்துக்காக எழுதியதை ஒரு சூழலியல் ஆய்வாளர் படித்தால் அது நில வரைபடம். இந்தப் படையெடுப்புகளில் முக்கியமானது குளிர்காலப் பயணம். சதுப்பும் ஆறும் இறுகி உறைந்தால்தான் குதிரை போக முடியும். உறையாத குளிர்காலத்தில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பிரபுக்கள் கோனிக்ஸ்பெர்க்கில் விருந்து சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 1422-ல் மெல்னோ உடன்படிக்கை எல்லையை உறுதிசெய்த பிறகே, அந்தக் காட்டுக்குள் இரு பக்கமிருந்தும் மெல்லக் குடியேற்றம் நுழைந்தது.

ஆக, ஒரே போர் ஓரிடத்தில் காடு குறைய வழிசெய்தது. வேறோரிடத்தில் காட்டைக் காவல் காத்தது. 'சிலுவைப்போர் காட்டை அழித்ததா?' என்று கேட்பவரிடம் 'எந்தக் காட்டை, எந்த ஆண்டில்?' என்று திருப்பிக் கேட்பேன். ஆண்டைக் கேட்பதுதான் இந்தத் தொழிலில் உயிர்நாடி. நடைமுறைப் பாடங்களை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரேடியோகார்பன் கணிப்புக்கு அனுப்பினால் ஆண்டு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் 14-ம் நூற்றாண்டைச் சந்தித்ததில்லை. அந்த நூற்றாண்டில் வளிமண்டலத்தில் ரேடியோகார்பனின் அளவு ஏறி இறங்கியதால், ஒரே அளவீட்டுக்கு 1300-களின் தொடக்கமும் பொருந்தும், அந்த நூற்றாண்டின் கடைசியும் பொருந்தும். 1310-க்கும் 1390-க்கும் இடையில்தான் எங்கள் கதையே நடக்கிறது! இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரே சேற்றுத் தூணில் மேலிருந்து கீழாகப் பல இடங்களில் கணிப்பு எடுத்து, அடுக்கு வரிசையோடு சேர்த்துக் கணக்குப் போடுவது. இரண்டு, சேற்றை மொத்தமாக அனுப்பாமல், அதிலிருந்து நிலத்தில் வளர்ந்த செடியின் விதை, இலைத் துணுக்கு, பிர்ச் காய்த் துகள் போன்றவற்றைப் பொறுக்கி அனுப்புவது. சுண்ணாம்பு மண் உள்ள ஏரிகளில் நீருக்குள் வளரும் செடிகள் பழைய கரிமத்தை உறிஞ்சியிருக்கும். அவற்றை அனுப்பினால் வயது நூற்றாண்டுக் கணக்கில் கூடிவிடும். நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போது மற்ற எதைக் குறைத்தாலும் காலக்கணிப்புக்கான தொகையைக் குறைக்காதீர்கள். அழகான மகரந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் நம்பகமான ஆண்டு இல்லையென்றால் அதைச் சுவரில் மாட்டலாம், வேறு பயன் கிடையாது.

மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பட்டையோடு ஒட்டிய கடைசி வளையம் இருக்கும் ஓக் கட்டை, தான் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடும். பலகையாக இழைத்து வெளி வளையங்கள் போயிருந்தால் 'இந்த ஆண்டுக்குப் பிறகு' என்று மட்டும் சொல்ல முடியும். இதில் ஒரு கதை உண்டு. பழைய பிளெமிஷ், டச்சு ஓவியங்களின் பலகைகளை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு வளைய வரிசை கிடைத்தது. அது அந்தப் பக்கத்து ஓக் மரம் என்றே வெகுநாள் நினைத்தார்கள். ஆனால் அங்குள்ள மற்ற மரங்களோடு சரியாகப் பொருந்தவில்லை. 1980-களில் போலந்தின் க்டான்ஸ்க் பகுதி ஓக் வளையங்களோடு வைத்துப் பார்த்தபோது பொருந்திவிட்டது. விஸ்துலா ஆற்றில் மிதந்து க்டான்ஸ்க் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறிய மரங்கள் அவை. எங்கள் பக்கத்து மரத்தில் ஒரு பங்கு மேற்கு ஐரோப்பிய அருங்காட்சியகங்களில், கன்னிமரியாளின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு நாட்டின் காடு எங்கே போனது என்று தேடுபவர் துறைமுகத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, மகரந்தம் எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரி சாட்சி சொல்லாது. ரை காற்றில் மகரந்தத்தை வாரி இறைக்கும். கோதுமையும் பார்லியும் தங்களுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும், வெளியே அதிகம் விடாது. அதனால் மண்ணில் ரை நிறையத் தெரிந்தால் ஊரே ரைதான் சாப்பிட்டது என்று எழுதிவிடக் கூடாது. கருகிய தானியம் பார்க்கும் ஆளையும் கேளுங்கள். அதேபோல் பெரிய ஏரி பரந்த வட்டாரத்தின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும். சின்னக் குட்டை பக்கத்து வயலைத்தான் சொல்லும். கோட்டையைச் சுற்றி என்ன நடந்தது என்று கேட்டால் சின்னக் குட்டைக்குப் போங்கள்.

எலும்புக்காரர்களிடம் கற்றது இன்னொன்று. சல்லடை இல்லாத அகழாய்வில் எல்லோரும் மாட்டிறைச்சி மட்டும் சாப்பிட்டதாகத் தெரியும், ஏனென்றால் கைக்குக் கிடைப்பது பெரிய எலும்புதான். மண்ணை 4 மில்லிமீட்டர் சல்லடையிலும், ஒரு பங்கை அதைவிட நுண்ணிய சல்லடையிலும் தண்ணீர்விட்டு அலசினால்தான் மீன்முள் வரும். ஆண்டில் பல நாள் இறைச்சியை விலக்கி விரதம் இருந்த துறவிகளின் சமையலறையை மீன் இல்லாமல் எழுதினால் அது யாருடைய சமையலறை?

கோட்டையில் இருந்த வீரர்கள் தினமும் வேட்டையாடிச் சாப்பிட்டார்கள் என்பதும் படத்தில் பார்த்த கதை. சபைக் கோட்டைகளின் குப்பையில் பெரும்பங்கு மாடு, பன்றி, ஆடு. காட்டு விலங்கின் எலும்பு பொதுவாகச் சொற்பம். ஆனால் காட்டின் மீதிருந்த உரிமையைச் சபை விட்டுக்கொடுக்கவில்லை. 1233-ல் செல்ம்னோ, தோருன் நகரங்களுக்குக் கொடுத்த சாசனத்தில் ஏரிகள், உப்பு, பொன், வெள்ளி ஆகியவற்றோடு ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கையும் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. பீவர் தோலுக்கு நல்ல விலை. அதன் வாலை மீன் கணக்கில் சேர்த்து விரத நாளிலும் சாப்பிட்டார்கள். இந்தச் சாசனத்தைப் படிக்காமல் குப்பைமேட்டில் பீவர் எலும்பைக் கண்டால் அது வெறும் வேட்டை என்று தோன்றும். படித்த பிறகு பார்த்தால் அது அதிகாரம்.

அதனால்தான் மொழி படியுங்கள் என்கிறேன். ஆய்வகத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கும் ஜெர்மன் தேவை. இங்கே ஒவ்வோர் ஊருக்கும் குறைந்தது இரண்டு பெயர். மால்போர்க் பழைய தாள்களில் மரியன்பர்க், செசிஸ் வெண்டன், எஸ்தோனியாவின் வில்யாண்டி ஃபெலின். நூறாண்டுக்கு முன் தோண்டிய எலும்புப் பெட்டியில் ஜெர்மன் பெயர், பதிவேட்டில் உள்ளூர்ப் பெயர், சில இடங்களில் நடுவே ரஷ்யப் பெயர். முதல் வேலையாக ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: ஊர், அதன் எல்லாப் பெயர்கள், ஆயத்தொலைவு. எத்தனையோ நாள் மிச்சமாகும். சபையின் கணக்கேடுகள் பெர்லினில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தக் கோட்டையில் எத்தனை குதிரை, எத்தனை பசு, எவ்வளவு ரை என்று பொறுப்பாளர் மாறும்போதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். முக்கியமானவை அச்சிலும் உண்டு.

இங்கே பழைய அரசியலும் மண்ணுக்குள் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் தேசியவாதிகளுக்குச் சபை நாகரிகம் கொண்டுவந்தவர்கள். போலந்துத் தரப்புக்குக் கொடுங்கோலர்கள். 'காட்டைத் திருத்தினார்கள்' என்று எழுதினால் ஒரு தரப்பு கைதட்டும், 'காட்டை அழித்தார்கள்' என்று எழுதினால் மறு தரப்பு. கட்டுரையில் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கொஞ்சம் யோசிப்பேன். அதற்காக நழுவுவதும் இல்லை. புருசிய மொழி செத்தது, கிராமங்கள் எரிந்தன. மகரந்த வரைபடத்தில் அது தெரியாததால் நடக்காததாகிவிடாது. மரத்தின் இழப்பைக் காட்டும் கருவிக்கு மனிதர்களின் இழப்பு தெரியாது.

களவேலைக்கு வருகிறவர்களுக்கு: பால்டிக் காட்டில் கரடியை விட உண்ணி ஆபத்து. உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. அது பல தவணை என்பதால் சில மாதம் முன்பே தொடங்க வேண்டும். லைம் நோய்க்கு அந்த வசதி இல்லை. தினமும் மாலையில் உடம்பு முழுக்கத் தேடிப் பார்ப்பதுதான் வழி. ஏரியில் சேறு எடுக்கக் குளிர்காலம் வசதியானது. உறைந்த பனிமேல் நின்று துளையிட்டு இறக்கலாம், படகு ஆடாது. ஆனால் தடிமனை அளக்காமல் கால் வைக்கக் கூடாது. 10 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் நான் கருவியை வண்டியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்போதெல்லாம் பனி சரியாக உறையாத குளிர்காலம் அடிக்கடி வருகிறது. கோனிக்ஸ்பெர்க்கில் காத்திருந்த பிரபுக்களைப் போல நாங்களும் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

சேற்றுத் தூணை எடுத்தவுடன் மேல் எது, கீழ் எது என்று இரண்டு முனையிலும் எழுதுங்கள். ஒரு முனையில் எழுதியது அழிந்தால் மற்றது இருக்கும். ஆய்வகத்தில் மகரந்தத்தைப் பிரிக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பயன்படுத்தும் இடங்கள் உண்டு. தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே எலும்புவரை போகும் அமிலம் அது. அதற்கான கால்சியம் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், தனியாக இருந்தால், வேலையைத் தொடங்காதீர்கள். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும்.

வேலைவாய்ப்பைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மாட்டேன். இந்தத் துறை திட்ட நிதியில் ஓடுகிறது. ரீடிங் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ப்ளுஸ்கோவ்ஸ்கி தலைமையில் 2010-ல் தொடங்கிய பால்டிக் சிலுவைப்போர்ச் சூழலியல் திட்டம் போல ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் பணம் வரும்போது பலருக்கும் வேலை. திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை மூன்று நாடுகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளிகளில் எனக்குச் சோறு போட்டது 'சிலுவைப்போர்' பற்றிய அறிவு இல்லை, மகரந்தம் எண்ணத் தெரிந்த கை. சாலை போடுகிறவர்கள், காற்றாலை அமைப்பவர்கள் நடத்தும் அகழாய்வுகளுக்கும் அந்தக் கை வேண்டும். அதனால் ஆய்வகத் திறன் ஒன்றையாவது, எலும்போ மகரந்தமோ மரவளையமோ, அடுத்தவர் நம்பி ஒப்படைக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

தீராத கேள்வி ஒன்று இருக்கிறது, புதிதாக வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். குதிரை. கணக்கேடுகளில் போர்க்குதிரை, ஷ்வைக் எனப்படும் சின்ன உள்ளூர்க் குதிரை என்று தனித்தனியாகப் பட்டியல். அவற்றுக்குப் புல்வெளி, ஓட்ஸ், லாயம் என்று எவ்வளவோ நிலம் போயிருக்கும். ஆனால் கோட்டைக் குப்பையில் குதிரை எலும்பு குறைவு. அக்காலக் கிறிஸ்தவர்கள் பொதுவாகக் குதிரை சாப்பிடவில்லை என்பதால் அது சமையலறைக் குப்பைக்கு வருவதில்லை. செத்த குதிரையின் தோலை உரித்து உடலை ஊருக்கு வெளியே எங்கோ போட்டிருப்பார்கள். மதிலுக்குள்ளே தோண்ட அனுமதியும் பணமும் எளிதாகக் கிடைக்கும், பார்வையாளர்களும் வருவார்கள். வெளியே, தோல் பதனிட்ட ஓடைக்கரையிலும் பழைய மேய்ச்சல் நிலத்தின் ஓரத்திலும் குழி போட யாராவது விண்ணப்பம் எழுதினால், பக்கத்துக் குட்டையில் சேறு எடுக்க நான் வருகிறேன்.